அம்மாவின் இரவுச் சொட்டு மருந்து

கண்ணாடி மாற்றுவதற்காகப் போன இடத்தில்தான் அம்மாவுக்குக் கண் அழுத்த நோய் இருப்பது தெரியவந்தது. வலியோ சிவப்போ இல்லை. ஆனால் பொதுவாக 21 மி.மீ. பாதரசத்தைத் தாண்டக்கூடாத அழுத்தம் 28 இருந்தது. இரவில் ஒரு சொட்டு லாட்டனோபிராஸ்ட் எழுதிக்கொடுத்தார்கள்.

மூன்றாம் மாதம், "போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே மாதிரிதானே தெரிகிறது" என்று அம்மா தாமாகவே நிறுத்திவிட்டார். அவர் சொன்னது உண்மைதான். இந்த மருந்து பார்வையைக் கூட்டுவதில்லை. கண்ணுக்குள் ஊறும் நீர் வடிவதற்கு வழிசெய்து, அழுத்தத்தைத் தணித்து, பார்வை நரம்பு மேலும் கெடாமல் காக்கிறது. கண்புரையை அகற்றினால் பார்வை தெளிவதைப் போல, இங்கே கெட்டுப்போன நரம்பு மீள்வதில்லை என்பதை அம்மாவுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

இப்போது நானே போட்டுவிடுகிறேன். கீழ் இமையை மெல்ல இழுத்து, பாட்டிலின் நுனி கண்ணில் படாமல் ஒரே ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடச் சொல்லி, மூக்கை ஒட்டிய கண்ணோரத்தை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொள்கிறேன். அங்கிருக்கும் கண்ணீர்க் குழாய் வழியாக மருந்து மூக்குக்கு இறங்கி இரத்தத்தில் கலந்துவிடும் என்பதால்தான் இந்த அழுத்தம். டிமோலால் போன்ற சொட்டு மருந்து அப்படிக் கலந்தால், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறல் வரலாம், நாடித்துடிப்பும் குறையலாம். அம்மாவுக்கு வீசிங் உண்டு. இரண்டாவது மருந்து தேவைப்பட்டபோது நான் அதை எடுத்துச் சொன்னதும், மருத்துவர் டிமோலாலைத் தவிர்த்து டார்சோலமைடு கொடுத்தார். கண்ணுக்கு என்ன நோய் என்று மட்டும் சொல்லிவிட்டு மூச்சைப் பற்றிச் சொல்லாமல் வருகிறவர்கள் எத்தனை பேரோ என்று அன்று கவலைப்பட்டேன். இரண்டு மருந்துகளுக்கும் இடையில் ஐந்து நிமிடமாவது விட வேண்டும். இல்லையென்றால் பின்னது முன்னதைக் கழுவிவிடும்.

எங்கள் லாட்டனோபிராஸ்ட் பாட்டிலைத் திறந்த பிறகு 25 டிகிரிக்குள் வைத்து ஆறு வாரம் பயன்படுத்தலாம் என்று அட்டையில் இருக்கிறது. மதுரை வெயிலில் அது நடக்காது என்பதால், ஃப்ரிட்ஜ் கதவில் வைத்து, திறந்த தேதியைப் பாட்டிலின் மேல் எழுதிவிடுகிறேன். குளிர்ந்த சொட்டு விழுவது அம்மாவுக்கு நன்றாகவே தெரிகிறது; "விழுந்துவிட்டது" என்று அவரே சொல்லிவிடுகிறார்.

போன மாதம் அழுத்தம் 16. பெற்ற பிள்ளைகளுக்கும் இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் நானும் தம்பியும் பரிசோதித்துக்கொண்டோம். அக்காவை வரும் சனிக்கிழமை அழைத்துப் போகிறேன்.