பாட்காஸ்ட்டுக்கு கெஸ்ட்டா வந்தவங்கதான் எனக்கு கஸ்டமரும் ஆனாங்க

சுத்துப்பட்டுல தொழில் பண்றவங்கள பேட்டி எடுத்து நெட்டுல போடுற நம்ம பாட்காஸ்ட்ட எத்தன பேர் கேக்குறாங்கன்னு யாராச்சும் கேட்டா நேராவே சொல்லிருவேன், ரொம்பப் பேர் கேக்கல. சில எபிசோடுக்கு வர்ற வியூஸ பாத்தா நம்ம பக்கத்து கல்யாணத்துல ஒரு பந்திக்கு உக்கார்ற கூட்டம் அதவிட அதிகமா இருக்கும். ஆனாலும் விடாம பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். ஏன்னா என் பேக்கேஜிங் மெட்டீரியல் யாவாரத்துக்கு இப்ப இருக்குற நல்ல பார்ட்டிங்கள்ல பல பேரு அந்த மைக்குக்கு எதிர்ல வந்து உக்காந்தவங்க, இல்லனா அவங்க கைகாட்டி விட்டவங்க.

கேக்குறவங்கள கஸ்டமரா மாத்தணும்னு எல்லாரும் மண்டைய ஒடைச்சுக்கிறாங்க, அதுக்கு ஆயிரக்கணக்குல ஆளு வேணும், வருசக்கணக்குல பொறுமை வேணும். என்ன மாதிரி காரைக்குடியில ஒரு குடோன வச்சுக்கிட்டு சுத்துப்பட்டுல சரக்கு போடுற ஆளுக்கு அது எதுக்கு? எனக்கு வேண்டிய கஸ்டமர் யார் யாருன்னு எனக்கே பேரோட தெரியும். பலகாரம் போடுறவங்க, ஆத்தங்குடி கல்லு, அதாவது தரைக்குப் பதிக்கிற டைல்ஸ், போடுறவங்க, புதுவயல் பக்கம் ரைஸ் மில்லுக்காரங்க, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்ட ஓட்டலா மாத்தி நடத்துறவங்க, சமையல் கான்ட்ராக்ட் எடுக்குறவங்க, அவ்வளவுதான். இவங்ககிட்ட சாம்பிள் கவர தூக்கிட்டுப் போயி நின்னா "வச்சுட்டுப் போங்க தம்பி பாக்குறேன்"தான் பதிலு. அதே ஆளுகிட்ட "அண்ணே உங்க தொழில் கதைய ஒரு அரைமணி நேரம் பதிவு பண்ணணும், நீங்க பேசணும்"னு சொல்லிப் பாருங்க, மொதல்ல "எனக்கென்ன தெரியும்"பாரு, அப்பறம் மொத வேலையா நாற்காலி எடுத்துப் போடுவாரு.

இதுல தந்திரம் ஒண்ணும் இல்ல, உண்மையிலேயே கதை கேக்கப் பிடிக்கணும். பிடிக்காதவன் இத பண்ணா அஞ்சு நிமிசத்துல எதிர்ல இருக்குறவங்களுக்கு தெரிஞ்சு போயிரும். நம்ம ஊரு ஆளுங்க யாவாரம் பேச வந்தவன், கதை பேச வந்தவன் ரெண்டையும் முகப்புல செருப்ப கழட்டுறதுக்குள்ள கண்டுபிடிச்சுருவாங்க.

ஒரு ஆச்சி கதைய சொல்றேன், ஊரு பேரு வேணாம். மணவோலம், சீப்புச்சீடை, தேங்குழல் எல்லாம் ஆள் வச்சு போட்டு சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்புறவங்க. அவங்க வீட்டுலயே ரெக்கார்டிங் வச்சோம். பெரிய வீடு, வளவுல, அதான் வீட்டு நடுவுல இருக்குற முற்றத்துல, உக்காந்து பேசுனா பாக்க அழகா இருக்கும், ஆனா ஆடியோ சுத்தமா தேறாது. கீழ ஆத்தங்குடி கல்லு, செவுரு பூரா வழவழன்னு சுண்ணாம்புப் பூச்சு, எல்லாமே கெட்டியான வழவழப்பு, சத்தத்த உறிஞ்ச ஒண்ணுமே கெடையாது, பேசுற பேச்சு அப்படியே திரும்பி திரும்பி வரும், பத்தாததுக்கு புறா வேற. அதனால நான் எந்த பெரிய வீட்டுக்குப் போனாலும் வளவு ஓரத்துல இருக்குற அறைய கேப்பேன். கல்யாணமான மகன ஒரு புள்ளின்னு, அதாவது தனிக் குடும்பமா, கணக்கு வச்சு ஆளுக்கொரு அறை இருக்கும்ல, அதுல மெத்தை, தலகாணி, துணிமணின்னு அடைஞ்சு கெடக்கும், அதுதான் செலவில்லாத ஸ்டூடியோ. "ஆச்சி அந்த அறைய தொறக்கலாமா"ன்னு கேட்டேன், ஒரு நிமிசம் யோசிச்சாங்க, அப்பறம் சாவிக்கொத்த எடுத்துட்டு வந்தாங்க. உள்ள போனதும் ஒரு மூலையில பர்மா போன காலத்து எனாமல் தூக்குச்சட்டி, அத பாத்து அவங்களே பேச ஆரம்பிச்சுட்டாங்க, நான் தயார் பண்ணிட்டுப் போன கேள்வி பாதி கேக்கவே இல்ல.

பேச்சு நடுவுல சீடை பதினஞ்சு இருவது நாள்லயே சிக்கு வாடை அடிக்குது, வெளிநாட்டு ஆர்டர்ல கெட்ட பேரு ஆகுதுன்னு பொலம்புனாங்க. எனக்கு விசயம் பட்டுனு புரிஞ்சுருச்சு. உள்ள இருக்கறது கண்ணுக்குத் தெரியணும்னு சாதா ட்ரான்ஸ்பரன்ட் கவர்ல போடுறாங்க, வெளிச்சமும் காத்தும் பட்டா எண்ணெய் பலகாரம் கெடத்தான் செய்யும். மெட்டலைஸ்டு பவுச்சுல, அதான் வெள்ளி மாதிரி பளபளக்குற கவர்ல, நைட்ரஜன் அடிச்சு சீல் பண்ணா உள்ள இருக்குற ஆக்சிஜன் வெளியேறிரும், பலகாரம் ரொம்ப நாள் தாங்கும், சிப்ஸ் பாக்கெட்டு உப்பலா இருக்கறதுக்குக் காரணமே அதுதான். நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. சொல்லல. தலையாட்டிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன், வீட்டுக்கு வந்து டைரியில மட்டும் எழுதி வச்சேன்.

எபிசோடு வந்து கொஞ்ச நாள் கழிச்சு போன். "ஏன் தம்பி, நீ கவர் யாவாரந்தானே பண்ற, அன்னிக்கு நான் அவ்வளவு பொலம்புனேன், வாயத் தொறக்கவே இல்லையே?"

"அன்னிக்கு உங்க கதைய கேக்க வந்தேன் ஆச்சி."

"சரி, கதை முடிஞ்சுருச்சுல்ல, இப்ப கவர எடுத்துக்கிட்டு வா."

மைக் ஓடுறப்ப விக்காத, மைக்க ஆஃப் பண்ண சூட்டோடயும் விக்காத, அவங்களா கேட்டா அதுக்குன்னு தனியா ஒரு நாள் போ. இந்த ஒண்ணுல மட்டும் நான் ரொம்ப கறார். கொட்டேசன பையில வச்சுக்கிட்டு பேட்டி எடுக்கப் போறவங்கள எனக்குத் தெரியும், அவங்களுக்கு ரெண்டாவது கெஸ்ட்டு கெடைக்கறதே பெரும்பாடு. நம்ம ஏரியாவுல ஒருத்தருகிட்ட தப்பா நடந்தா தேவகோட்டைக்கு செய்தி நமக்கு முன்னாடியே போயி எறங்கிரும்.

பழைய ஆளுங்களுக்கு இதெல்லாம் புதுசே இல்லங்க. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்ல கிட்டங்கின்னு ஒரே நீள ஹால்ல இங்க இருந்து போன வட்டிக்கடைக்காரங்க பல பேரு பெட்டிய போட்டுக்கிட்டு பக்கத்து பக்கத்துல உக்காந்துதான் யாவாரம் பாத்தாங்க. ஒருத்தன் கணக்கு வழக்கு, பேச்சு, நாணயம் எல்லாம் அடுத்த பெட்டிக்காரருக்கு தெரியும். போட்டிக்காரன்தான், ஆனா அவன் சொல்ற ஒரு வார்த்தையிலதான் புது ஆளுக்கு கடன் கெடைக்கும். என் அரைமணி நேர பேட்டியில நடக்கறதும் ஏறக்குறைய இதுதான், அவரு என்ன ஒரு கண்ணு பாத்துக்கிறாரு, நான் அவர பாத்துக்கிறேன்.

கெஸ்ட்ட எப்படி புடிக்கிறதுன்னு நெறைய பேர் கேக்குறாங்க. வாட்ஸ்அப்ல ஒரே மெசேஜ எல்லாருக்கும் தட்டி விடாதீங்க, போன் பண்ணுங்க. ஏன் அவரு, ஏன் இப்பன்னு ஒரு காரணம் சொல்லத் தெரியணும். "நீங்க பெரிய தொழிலதிபர்"னு ஐஸ் வச்சா வேலைக்காவாது, "கண்ணாடிப் பலகையில கலர ஊத்தி கல்லு எடுக்குறப்ப அந்த மினுமினுப்பு பாலிஷே போடாம எப்படி வருதுன்னு உங்க வாயால சொல்லணும்ணே"ன்னு கேட்டா ஒத்துக்குவாரு. கேள்விகள முன்னாடியே வாய்ஸ் நோட்டா அனுப்பிருவேன், டைப் பண்ணி அனுப்புனா யாரும் படிக்க மாட்டேங்குறாங்க. எடிட் பண்ணத அவங்க கேட்டு சரின்னு சொன்னப்பறம்தான் வெளிய விடுவேன், வேணாம்னு சொன்ன எடத்த வெட்டிருவேன். வெல, கடன், பங்காளி தகராறு இந்த மூணும் எப்படியும் பேச்சுல வந்துரும், அது மூணும் வெளிய போகக்கூடாது. இந்த ஒரு உறுதிமொழிக்காகவே வர ஒத்துக்கிட்டவங்க உண்டு.

அப்படி கேட்டு வந்த ஆத்தங்குடி அண்ணன் ஒருத்தர் பேசுறப்பத்தான், சிமெண்ட், மணல், கலர் ஆக்சைடு எல்லாம் போட்டு கையால செஞ்சு தண்ணித்தொட்டியில ஊறப்போட்டு எடுத்த கல்லு, பெங்களூரு லாரில போயி எறங்குறதுக்குள்ள ஓரம் ஒடைஞ்சு போகுதுன்னு சொன்னாரு. "செஞ்ச கையி வலிக்கலண்ணே, ஒடைஞ்ச போட்டோவ வாட்ஸ்அப்ல பாக்குறப்பத்தான் வலிக்குது." அந்த துண்ட மட்டும் வெட்டி கிளிப்பா அவருக்கு அனுப்புனேன், அவரு ஸ்டேட்டஸ்ல வச்சாரு, அத பாத்து அவரு கஸ்டமரே, ஒரு ஆர்க்கிடெக்ட், போன் பண்ணி ஒடைசலுக்கு என்ன வழின்னு கேட்டுருக்காரு, அண்ணன் என் நம்பர குடுத்துட்டாரு. நான் போயி அட்டைப்பெட்டி கனம், கல்லுக்கு நடுவுல வைக்கிற ஷீட்டு, ஓரத்துக்கு கார்னர்னு பேசி முடிச்சோம். மொத்த எபிசோட எத்தன பேரு கேட்டாங்களோ தெரியாது, அந்த ஒரு நிமிச கிளிப்புதான் வேலைய பாத்துச்சு. அதனால எல்லா கெஸ்ட்டுக்கும் முழு எபிசோடு லிங்க் போறதுக்கு முன்னாடி, நெட்டுவாக்குல வெட்டுன சின்ன கிளிப்பு ரெண்டு மூணு போயிரும். அவங்க சொந்தக்காரங்க மலேசியாவுல இருந்து ஃபார்வேர்டு பண்றது எனக்கே திரும்பி வரும்.

ஆச்சிக்கு செஞ்ச பெட்டியில ஒரு க்யூஆர் கோடு அடிச்சோம், ஸ்கேன் பண்ணா அவங்க கொரல்லயே சீப்புச்சீடை கதை கேக்கலாம். அது என் யோசனைன்னு சொல்லிக்க ஆசைதான், ஆனா கேட்டது அவங்க பேத்தி.

கஸ்டமர் ஆகாத கெஸ்ட்டும் நெறைய உண்டு, அவங்கள கொறைச்சு எடை போடாதீங்க. ஆடிட்டர், பார்சல் ஆபீஸ்காரர், கல்யாண சமையல் பாக்குற மாஸ்டர், இவங்க எங்கிட்ட ஒரு ரோல் டேப்பு கூட வாங்க மாட்டாங்க, ஆனா ஊருல யாரு புதுசா யூனிட் போடுறாங்கன்னு மொதல்ல தெரியறது இவங்களுக்குத்தான். ஆடிட்டர கூப்புடுறப்ப மட்டும் பாத்து பேசணும், நேரா க்ளையண்ட் புடிக்கிற மாதிரி விளம்பரம் பண்றதுல அவங்களுக்கு தொழில் கட்டுப்பாடு இருக்கு. அதனால ஜிஎஸ்டி பத்தி பொதுவா பேச வச்சு, அவரு ஆபீஸ ஆகா ஓகோன்னு பாராட்டாம விட்டுட்டா அவருக்கும் நிம்மதி. முடிச்சு எந்திரிக்கிறப்ப எல்லாருகிட்டயும் ஒரு கேள்வி உண்டு: "அடுத்து யாருகிட்ட பேசலாம்ணே?" பேரு மட்டும் சொல்ல மாட்டாங்க, அங்கேயே போன எடுத்து போட்டுக் குடுப்பாங்க.

டெக்னிகல் விசயம் பெருசா ஒண்ணுமில்ல. காலர் மைக்கு ரெண்டு, சின்ன ரெக்கார்டர் ஒண்ணு, எடிட்டிங்குக்கு பழைய லேப்டாப்பு. ஹோஸ்டிங், அதாவது எபிசோட நெட்டுல ஏத்தி வைக்கிறது, காசு குடுத்துத்தான் பண்ணணும்னு இல்ல, ஆங்கர்னு ஒண்ணு இருந்துச்சுல்ல, 2019ல ஸ்பாட்டிஃபை வாங்குனது, அதுதான் இப்ப ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ்னு இருக்கு, இலவசம்தான். 2024ல கூகுள் பாட்காஸ்ட்ஸ் ஆப்ப இழுத்து மூடிட்டாங்க, ஆக ஒரே ஆப்ப நம்பி இருக்காம ஒரிஜினல் ஆடியோவ ஹார்டு டிஸ்க்குல தனியா வச்சுக்கங்க. நம்ம கெஸ்ட்டுகளுக்கு எப்படியும் யூடியூப்ல வந்தாத்தான் வந்ததா கணக்கு, ஒரு போட்டோவ வச்சாவது அங்க ஏத்திருங்க.

எல்லா யாவாரத்துக்கும் இது செட்டாகும்னு நான் சொல்லவே மாட்டேன். கடையில கவர் கால்கிலோ அரைகிலோன்னு சில்லறைக்கு விக்கறவரு இத பண்ணா நேரம்தான் தண்டம். ஒரு தடவ வந்தா வருசக்கணக்குல திரும்பத் திரும்ப ஆர்டர் வர்ற தொழிலா இருக்கணும், கஸ்டமர் கொஞ்சப் பேரா இருக்கணும், அவங்க பேச ஒரு கதை இருக்கணும். செட்டிநாட்டுல மூணாவதுக்கு பஞ்சமில்ல. அப்பறம் மாசக் கடைசியில "இந்த எபிசோடுல எவ்வளவு வந்துச்சு"ன்னு கணக்கு பாக்குற ஆளுன்னா வேணாம், சில பேரு ஒரு வருசம் கழிச்சு கூப்புடுவாங்க, சில பேரு தீபாவளிக்கு பலகாரம் மட்டும் குடுத்து விடுவாங்க. அதுவும் நல்லாத்தான் இருக்கும்.

அடுத்த எபிசோடு புதுவயல் பக்கம் ஒரு மில்லுக்காரர். மில்லு ஓடுறப்ப பக்கத்துல நிக்கிறவரு பேசுறதே கேக்காது, எப்ப வர்றதுன்னு கேட்டேன். மாசாந்திர மெயின்டனன்ஸுக்கு கரண்ட்ட நிறுத்துவாங்கள்ல, அன்னிக்கு வாங்க, அன்னிக்குத்தான் நானும் சும்மா இருப்பேன்னுட்டாரு. ரெக்கார்டர் பேட்டரியில ஓடும், அதனால பிரச்சினை இல்ல, ஃபேன் ஓடாது, அதுக்குத்தான் ரெண்டு விசிறி எடுத்து வச்சிருக்கேன்.