செருப்பைக் கழற்றும் முன்பே கூலியைச் சொல்லிவிட வேண்டும்

பதின்மூன்று வருஷம் காட்பாடியிலிருந்து சென்னைக்கு சீசன் டிக்கெட்டில் போய் வந்தவன் நான். ஒரு வழிக்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டர். ஏலகிரி எக்ஸ்பிரஸில் உட்கார இடம் கிடைத்தால் அன்று நல்ல நாள் என்று அர்த்தம். கணக்குப் பிரிவில் வேலை. யாரோ வாங்கிய பொருளின் பில்லை வேறு யாரோ அனுப்பிய ரசீதோடு ஒப்பிட்டு டிக் அடிப்பது. இப்போது நானே பில் போடுகிறேன். ஃபேன், குழாய், மோட்டார், தாழ்ப்பாள், கீசர் என்று வேலூர் முழுக்க வீடுகளில் சில்லறை ரிப்பேர். எப்படி மாறினீர்கள் என்று கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

2020 ஊரடங்கில்தான் ஆரம்பம். கடைகள் மூடிக் கிடந்தன, எந்த எலக்ட்ரீஷியனும் வர முடியாது, வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எதிர்வீட்டுப் பாட்டியின் ஃபேன் சுற்றமாட்டேன் என்று முனகிக்கொண்டிருந்தது. என் அப்பா மோட்டார் வைண்டிங் செய்தவர், அந்தப் பழக்கத்தில் பரணில் கிடந்த பழைய ஃபேனிலிருந்து 2.5 எம்எஃப்டி கண்டென்சரை, அதாவது ஃபேன் சுற்ற உந்துதல் தரும் சின்ன டப்பாவை, கழற்றிப் போட்டேன், ஓடியது. அந்த மாதம் மட்டும் எங்கள் தெருவில் பதினோரு வீடு. பணம் வாங்கவில்லை. அது தப்பு என்று புரிய ஒரு வருஷம் ஆனது, அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

வேலையை விடுவதற்கு முன் எட்டு மாதச் செலவுப் பணம் தனியாக எடுத்து வைத்தோம். வைத்தோம் என்றால், மனைவி வைத்தாள். நான் நாலு மாதம் போதும் என்றேன், அவள் சொன்னதுதான் சரி. பி.எஃப். பணத்தை எடுத்ததில் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். பத்து வருஷத்துக்கு மேல் சர்வீஸ் இருந்தால் பென்ஷன் பங்கைக் கையில் வாங்க முடியாது, அதற்கு ஸ்கீம் சர்டிபிகேட்தான் தருவார்கள், பென்ஷன் பிற்பாடு. முழுத்தொகையும் வரும் என்று கணக்குப் போட்டு டூல்ஸ் லிஸ்ட் எழுதியிருந்தேன், பாதியை அடித்தேன். பதின்மூன்று வருஷம் கணக்குப் பிரிவில் இருந்தவனுக்கு இது தெரியாதா என்று கேட்டால், தெரியாது. கிராஜுவிட்டி வந்ததில் ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸ்எல், ஒரு டிரில்லிங் மெஷின், மல்டிமீட்டர், இரண்டு பைப் ரெஞ்ச். சிறுதொழிலுக்கான அரசுப் பதிவான உத்யம் ஆன்லைனில் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் உட்கார்ந்த இடத்தில் முடிந்துவிடும். செய்துதர ஆயிரத்தைந்நூறு கேட்டவரிடம் டீ மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

ஃபேன் தெரியும், தண்ணீர் வேலை தெரியாது. கொசப்பேட்டையில் ஒரு மேஸ்திரி, அறுபது வயது இருக்கும், அவரிடம் நாலு மாதம் கையாளாகப் போனேன். நாளுக்கு நானூறு ரூபாய். முதல் மூன்று வாரம் சுவர் கொத்தியதுதான் வேலை. "இன்னா சார், கம்ப்யூட்டர் இந்த மாதிரி வலிக்காது இல்ல?" என்பார். கடைசிவரை சார்தான், எவ்வளவு கேட்டும் தம்பி என்று கூப்பிடவில்லை. அவர் எதையும் உட்கார வைத்துச் சொல்லித் தரமாட்டார். நாம் தப்பாகச் செய்யும்வரை காத்திருந்து, செய்த பிறகு சிரிப்பார்.

2021 செப்டம்பரில் தனியாக இறங்கினேன். நவம்பரில் அந்த மழை. பாலாற்றில் மணலைத் தவிர வேறெதையும் பார்க்காத பிள்ளைகள் எல்லாம் பாலத்தில் நின்று வெள்ளத்தை வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு மூச்சுவிட நேரமில்லை, சம்ப் மோட்டார் மூழ்கியது, சுவரில் ஓதம், சுவிட்ச் போர்டில் ஷாக். ஓட்டமாக ஓடி மாதக் கடைசியில் நோட்டைக் கூட்டிப் பார்த்தால் 63 வீடு, கையில் நின்றது பதினாலாயிரம். பழைய ஆபீஸ் புத்தி விழித்துக்கொண்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் போக எவ்வளவு நேரம், வேலை எவ்வளவு நேரம், சாமான் வாங்க எவ்வளவு நேரம் என்று எழுத ஆரம்பித்தேன்.

வேலைக்கு சராசரி இருபத்தைந்து நிமிஷம்தான். மீதியெல்லாம் வண்டி. சத்துவாச்சாரியில் குழாயைக் கழற்றுவேன், வாசர் இல்லை, டவுனுக்கு ஓடுவேன், கிரீன் சர்க்கிளில் கால் மணி நேரம் நிற்பேன், வாங்கி வந்து பார்த்தால் அளவு வேறு. ஐந்து ரூபாய் வாசருக்கு ஒன்றரை மணி நேரம். அன்றிலிருந்து ஒரு பழைய டூல் பெட்டி முழுக்க உதிரிதான்: அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் வாசர், ஸ்பிண்டில், டெஃப்ளான் டேப், டேங்க் பால் வால்வு, 2.5, 3.15 கண்டென்சர், ஆறு ஆம்ப், பதினாறு ஆம்ப் சுவிட்ச், எம்சீல், தாழ்ப்பாள், கீல், அளவு வாரியாக ஸ்குரூ. இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் முதல். டிரில்லிங் மெஷினைவிட இந்தப் பெட்டிதான் என் தொழில். இங்கே உப்புத் தண்ணீர், கீசர் எலிமெண்டில் சுண்ணாம்பு பூசினாற்போல் படியும், ஷவர் ஓட்டை அடைக்கும், அதனால் என்ன பழுதாகும் என்பதைப் போகும் முன்பே ஓரளவு ஊகித்துவிடலாம்.

அடுத்தது கூலி. இதுதான் பெரிய பாடு. ஆபீசில் யாரும் என்னிடம் "இன்றைக்குப் பத்து நிமிஷம்தானே வேலை பார்த்தாய்" என்று கேட்டதில்லை. இங்கே ஃபேனை ஐந்து நிமிஷத்தில் சரிசெய்தால் "இன்னாப்பா, இதுக்கா இருநூறு?" என்பார்கள். அதையே ஏணியில் ஏறி இறங்கி, வேர்த்து விறுவிறுத்து, ஒரு மணி நேரம் இழுத்தால் முந்நூறை மறுபேச்சில்லாமல் எடுத்துத் தருவார்கள். எனக்கு வாய் வராது. "பார்த்துக் குடுங்க" என்று சொல்லித் தொலைத்த நாட்கள் எத்தனையோ. பார்த்துக் கொடுத்தார்கள், ஐம்பது ரூபாயும் ஒரு டம்ளர் மோரும். சும்மா செய்துகொடுத்த எங்கள் தெருக்காரர்கள் இன்னும் மோசம், அவர்களுக்கு நான் காசு கேட்பதே துரோகம்.

மேஸ்திரிதான் வழி சொன்னார். செருப்பைக் கழற்றும் முன் சொல்லிடு, கழற்றிட்டியா நீ விருந்தாளி, விருந்தாளி காசு கேட்க முடியாது. அப்படியே செய்தேன். பாலாற்றுக்கு இந்தப் பக்கம் வந்து பார்க்க நூற்றைம்பது, அந்தப் பக்கம் இருநூறு, வேலையும் சாமானும் தனி, போனிலேயே சொல்லிவிடுவது, வாசலில் மறுபடி ஒருமுறை. முதல் இரண்டு மாதம் பாதிப்பேர் போனை வைத்தார்கள். மீதிப் பாதியில் வந்த பணம் முன்னைவிட அதிகம், பெட்ரோலும் மிச்சம்.

ஒரு அடியும் வாங்கினேன், அதை மறைக்கக் கூடாது. சத்துவாச்சாரியில் ஒரு மாடி வீடு, சிபிவிசி என்கிற பிளாஸ்டிக் பைப் உடைந்திருந்தது. கேட் வால்வு சரியாக மூடவில்லை, பைப்பில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது, துணியால் துடைத்துத் துடைத்து சால்வென்ட் பசை தடவி ஒட்டிவிட்டேன். வீட்டுக்காரர் குளிக்க வேண்டும் என்று அவசரப்படுத்தினார், பத்தே நிமிஷத்தில் தண்ணீர் திறந்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஜாயிண்ட் பிய்த்துக்கொண்டு, கீழ்வீட்டு ஃபால்ஸ் சீலிங் ஊறி விழுந்தது. ஆறாயிரத்து ஐந்நூறு என் கையிலிருந்து. மேஸ்திரி கேட்டுவிட்டுச் சிரித்தார். "டீக்கடையில ஒரு பன்னு வாங்கி உள்ள திணிச்சிருந்தா போதுமே சார்." பன் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு கொஞ்ச நேரம் அணையாக நிற்கும், அதற்குள் ஒட்டிக் காயவிட்டு, அப்புறம் தண்ணீரைத் திறந்தால் கரைந்து குழாய் வழியே வந்துவிடும். நாலு மாதம் கூடவே இருந்தேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுஷன்.

யார் கூப்பிடுகிறார்கள் என்றால், நான் நினைத்த குடும்பங்கள் அல்ல. காந்தி நகரில் பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்க, தனியாக இருக்கும் வயதானவர்கள். மகன் அங்கிருந்து ஜிபே செய்வார், இங்கே அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அடுத்தது சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள சின்ன லாட்ஜுகள். வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்குவார்கள், அவர்கள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புவதற்குள் ரூமில் வேலையை முடிக்க வேண்டும். முதல் நாள் ஒருவர் என்னிடம் "ஜோல் நேய், ஜோல் நேய்" என்று பதற, சமையலுக்கு நெய் கேட்கிறார் போலிருக்கிறது என்று கடைக்கு வழி காட்டினேன். தண்ணீர் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார், பாவம்.

இப்போது மாதம் முப்பத்திரண்டிலிருந்து முப்பத்தெட்டாயிரம் வரை நிற்கிறது. சென்னைச் சம்பளத்தைவிடக் குறைவுதான், ஆனால் ரயில் இல்லை. மே மாதம் ஃபேனால் நிறையும், ஜனவரி காய்ந்துவிடும். ஈபி மீட்டருக்கு அந்தப் பக்கம் கை வைக்கமாட்டேன், லைசென்ஸ் உள்ளவரைக் கூப்பிடச் சொல்லிவிடுவேன்.

மாமனாரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மனைவி திட்டுவாள். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாண வீடுகளில் "மாப்பிள்ளை வீட்ல இருந்தே கம்ப்யூட்டர்ல பண்றாரு" என்றுதான் இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். போன தை மாதம் அவர் வீட்டு கீசர் டிரிப் ஆகி, என்னைக் கூப்பிடாமல் தொரப்பாடியில் வேறொரு ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். அந்த ஆளுக்கு அன்று வேலை அதிகம், விலாசத்தை எனக்கு அனுப்பினார். பார்த்ததும் தெரிந்துவிட்டது, இருந்தும் போனேன். கதவைத் திறந்தவர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, வந்து பார்க்க நூற்றைம்பது, எலிமெண்ட் மாற்ற வேண்டியிருந்தால் அது தனி மாமா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பில் குடுப்பீங்க இல்ல?" என்றார்.

கொடுத்தேன். எலிமெண்ட் விலையைக் கடையில் விசாரித்துவிட்டுத்தான் பணம் எடுத்தார்.