நார், நான்வோவன் (நெய்யாமல் நார்களைப் பிணைத்துச் செய்யும் துணி) பாடம் எடுத்திருக்கும் பினாங்கு ஜூனியர்களுக்கு

தேர்வு நெருங்கினால் ஜூனியர்கள் வரிசையாக நோட்ஸ் கேட்கிறார்கள். தருகிறேன், ஆனால் நோட்ஸை மட்டும் நம்பினால் பாஸ் ஆகலாம், நல்ல கிரேடு கிடைக்காது. 'மெல்ட்புளோன் (உருகலைச் சூடான காற்றால் ஊதிச் செய்யும் மெல்லிய நார்த்துணி) என்றால் என்ன' என்பது 2 மார்க் கேள்வி. பெரிய கேள்வி வேறு மாதிரி வரும்: தூசியை வடிகட்ட வேண்டும், மூச்சும் சுலபமாக விட முடிய வேண்டும், ஈரத்தையும் தாங்க வேண்டும், எந்த நார், எத்தனை அடுக்கு, ஏன்? பல பயன்களை ஒரே பொருளில் கேட்டாலே, ஒன்றைக் கூட்டும்போது எது குறைகிறது என்று எழுதுபவருக்குத்தான் மார்க்.

அதற்கு ஸ்லைடைத் திறப்பதற்கு முன் ஃபார்மசியில் ஒரு சாதாரண மூன்றடுக்கு முகக்கவசம் வாங்கி ஓரத்தைக் கத்தரித்துப் பிரித்துப் பாருங்கள். வெளி அடுக்கை வெளிச்சத்தில் பிடித்தால் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும், கேலண்டர் எனப்படும் சூடான அழுத்து உருளை நார்களை உருக்கி ஒட்டிய இடங்கள் அவை. அது ஸ்பன்பாண்ட், நார் சுமார் 15 முதல் 35 மைக்ரான். நடு அடுக்கில் பெரும்பாலும் அந்தப் புள்ளி இருக்காது, வழவழவென்று இருக்கும், லேசாக இழுத்தாலே கிழியும். அதுதான் மெல்ட்புளோன், 1 முதல் 5 மைக்ரான். இரண்டும் ஒரே பாலிப்புரோப்பிலீன்தான்! ஸ்பன்பாண்டில் நாரை இழுத்து நீட்டும்போது மூலக்கூறுகள் ஒரே திசையில் அடுக்காக அமைவதால் பலம் வருகிறது, மெல்ட்புளோனில் சூடான காற்று உருகலை ஊதி மெலிதாக்குகிறதே தவிர அந்த அடுக்கம் அவ்வளவாக வருவதில்லை. பலமில்லாததை நடுவில் வைத்து இரு பக்கமும் பலமானதைப் போட்டது இதனால்தான். இதைக் கையால் பார்த்தவருக்கு எஸ்.எம்.எஸ் (ஸ்பன்பாண்ட், மெல்ட்புளோன், ஸ்பன்பாண்ட்) அமைப்பை மனப்பாடம் செய்யும் வேலையே இல்லை.

அப்புறம் மின்னேற்றம். மெலிந்த நார் மட்டும் போதாது, கொரோனா மின்னேற்றம் செய்த, அதாவது உயர் மின்னழுத்தத்தால் நாரில் மின்னூட்டம் ஏற்றிய, மெல்ட்புளோன்தான் காற்றை அதிகம் தடுக்காமலே நுண்துகளைப் பிடிக்கிறது. அதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்துக் காயவைத்தால் அழுத்த இழப்பு (காற்று கடக்கும்போது துணி தரும் தடை) கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், வடிகட்டும் திறன் மட்டும் சரிந்துவிடும். 'வடிகட்டலில் மின்விசையின் பங்கை எப்படிப் பிரித்துக் காட்டுவாய்' என்று வந்தால் பதில் இதுதான். 2016ல் வந்த காற்று வடிகட்டிகளுக்கான ஐ.எஸ்.ஓ 16890 தரநிலையிலும் இந்த முறை உண்டு, அங்கே நனைப்பதற்குப் பதில் ஆல்கஹால் ஆவியில் வைப்பார்கள், அதைக் குறிப்பிட்டால் பேப்பர் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

கணக்கில் தரக் காரணியை (வடிகட்டும் திறனையும் காற்றுத் தடையையும் சேர்த்து எடைபோடும் எண்) கண்டிப்பாகப் போட்டுப் பழகுங்கள்: ஊடுருவல் விகிதத்தின் (வடிகட்டியைத் தாண்டிப் போகும் துகள்களின் பங்கு) இயல் மடக்கை எடுத்து, குறியை மாற்றி, அழுத்த இழப்பால் வகுக்க வேண்டும். 5% ஊடுருவல், 100 பாஸ்கல் என்றால் சுமார் 0.03. அதே துணியை இரண்டு அடுக்காகப் போட்டால் ஊடுருவல் 0.25% ஆகிறது, பிரமாதம் என்று தோன்றும், ஆனால் அழுத்த இழப்பு 200, தரக் காரணி அதே 0.03. அடுக்கைக் கூட்டுவது வடிவமைப்பு ஆகாது என்பதை இந்த ஒரு வரி காட்டிவிடும்.

நாரின் பருமனைச் சொல்லும் டெனியர் கணக்கும் வரும். 9000 மீட்டர் நாரின் எடை கிராமில், அவ்வளவுதான். ஆனால் 1 டெனியர் பாலிப்புரோப்பிலீன் 12.5 மைக்ரான் விட்டம், அதே 1 டெனியர் பாலியெஸ்டர் 10 மைக்ரான்தான், அடர்த்தி வேறு என்பதால். இதில் நிறையப் பேர் விழுகிறார்கள்.

அசைன்மெண்ட் தலைப்பு தேடுபவர்கள் உடனே எலக்ட்ரோஸ்பின்னிங் (மின்விசையால் மிக மெல்லிய நார் இழுக்கும் முறை) பக்கம் ஓடுகிறார்கள். அதில் ஊசி நுனித் துளி கூம்பாக நீளும் டெய்லர் கூம்பு படம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் 'ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வரும்' என்று லெக்சரர் கேட்டால் பாதிப் பேர் மௌனம். நான் சொல்வது கெக்காபு, நம் வீட்டுத் தலையணை இலவம்பஞ்சு. உள்ளே வெற்றுக்குழல், மேலே மெழுகு, அதனால் எண்ணெயை உறிஞ்சும், தண்ணீரை ஒதுக்கும். நார் குட்டை, வழுக்கும், தனியாகக் கார்டிங் (நாரைச் சீவி விரிப்பாக்குவது) செய்ய ஒத்துவராது, பாலியெஸ்டர் கலந்து ஊசியால் குத்திப் பிணைக்க வேண்டும். கலக்கக் கலக்கத் துணி உறுதியாகும், இலவம்பஞ்சின் பங்கோ குறையும். இந்த இழுபறியே ஒரு முழு ரிப்போர்ட்டுக்குப் போதும், சாமானும் மலிவு.

கெவ்லர் என்ற பலமான நாரை 1965ல் ஸ்டெபனி குவோலெக் கண்டுபிடித்தது மாதிரி வரலாற்றுச் சங்கதிகளை முந்தின நாள் ராத்திரி பார்த்துக்கொள்ளலாம். நேரம் இல்லையென்றால் வெட்லெய்டை (நாரைத் தண்ணீரில் கலந்து காகிதம் போல விரிக்கும் முறை) மேலோட்டமாகப் படியுங்கள், வடிகட்டலையும் பிணைப்பு முறைகளையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.