டிரெயின் போல்ட்டிலேயே தெரிந்துவிடும் ஷோரூம் வேலை

ஷோரூம் சர்வீஸுக்குப் பிறகு காரின் அடுத்த ஆயில் மாற்றத்தை நீங்களே வீட்டில் செய்து பாருங்கள். போன முறை எப்படி வேலை பார்த்தார்கள் என்பதை வண்டியே காட்டிக்கொடுக்கும்.

வடிப்பதற்கு முன், ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மேல்கோட்டை நன்றாகத் தாண்டியிருந்தால் அளக்காமல் ஊற்றியிருக்க வாய்ப்பு அதிகம். இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு அந்த ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரை பேரிங்கைக் காப்பாற்றாது.

ஆயிலை வடிக்கத் திறக்கும் டிரெயின் போல்ட் சாதாரண ஸ்பேனருக்கு அசையாமல், குழாய் மாட்டி நெம்பினால்தான் திறக்கிறதா? காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் கன்னால் முறுக்கியிருக்க வாய்ப்பு அதிகம். இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் அலுமினிய ஆயில் பேனுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. மரை போனால் ஹெலிகாயில் (புது மரையாகப் பொருத்தும் கம்பிச் சுருள்) போட வேண்டும், அல்லது பேனையே மாற்ற வேண்டும். சிறிய கார்கள் பலவற்றுக்கு 35 நியூட்டன் மீட்டர் சுற்றுவட்டார முறுக்குவிசையே போதும். சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். வாஷர் மிகவும் நசுங்கி, பல வரிகள் விழுந்திருந்தால் பழையதையே திரும்பப் போட்டிருக்கலாம்.

ஃபில்டரைக் கழற்றியதும் இன்ஜின் முகப்பை விரலால் தடவுங்கள். பழைய ரப்பர் வளையம் அங்கேயே ஒட்டியிருக்கலாம். வளையத்தின்மேல் வளையம் ஏறினால் அழுத்தத்தில் பிதுங்கி, ஓடும்போதே ஆயில் மொத்தமும் கொட்டிவிடும். புது வளையத்தில் ஆயில் தடவி, முகப்பைத் தொட்டபின் கையாலேயே முக்கால் சுற்று. அதற்கு மேல் வேண்டாம்.

கண்டதையெல்லாம் கழற்றும்போதே படம் எடுத்து, பழைய பில்லோடு சர்வீஸ் மேனேஜருக்கு எழுத்தில் அனுப்புங்கள்.