வாய் திறக்காத கண்டக்டர்

நெல்லை ஜங்ஷனிலிருந்து பாபநாசம் போகிற தடத்தில் நான் கண்டக்டர். பேட்டை, பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை, விக்கிரமசிங்கபுரம் என்று ஊர்ப்பேரைக் கத்திப் பிழைக்கிற தொழில். அப்பேர்ப்பட்டவனுக்கு மார்கழிக் கடைசியில் வாய் ஒரு விரல்கடைக்கு மேல் திறக்கவில்லை. இடது பக்கக் கீழ் ஞானப்பல்லை எடுத்ததால் வந்த வினை. பல் எடுத்தால் வலிக்கும், கன்னம் வீங்கும் என்று டிப்போவில் ஆளாளுக்குச் சொல்லியிருந்தார்கள். தாடை இறுகிப்போகும் என்று ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

பல் கதை சின்னதுதான். அது நேராக மேலே வராமல் சாய்ந்து படுத்து, முன்னால் இருந்த கடைவாய்ப்பல்லை முட்டிக்கொண்டு கிடந்தது. மேலே மூடியிருந்த ஈறு மடிப்பில் சோறு சிக்கும், அடிக்கடி வீங்கும். பாளையங்கோட்டையில் ஒரு பல் டாக்டரம்மா முழுத்தாடைக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, “இது சும்மா இழுத்தா வராது அண்ணாச்சி. ஈறைக் கீறி, கொஞ்சம் எலும்பைக் குறைச்சு, பல்லை ரெண்டா வெட்டித்தான் எடுக்கணும்” என்றார். எடுத்தார். மரத்துப்போயிருந்ததால் வலி தெரியவில்லை. வாயை அவ்வளவு நேரம் பிளந்தபடி கிடந்ததுதான் சிரமம். தையல் போட்டு, பஞ்சைக் கடிக்கக் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்குத் துணியில் ஐஸ்கட்டியைச் சுற்றிக் கன்னத்தில் வைப்பதும் எடுப்பதுமாகப் போனது. மறுநாளும் சமாளித்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் பல் விளக்கப் போனால் பிரஷ் உள்ளே போக மாட்டேன் என்கிறது. கொட்டாவி வந்தால் பாதியிலேயே காதுக்கு முன்னால் சுருக்கென்று பிடித்து நிறுத்துகிறது. பல் எடுத்த குழியைவிடக் காதுப்பக்கம்தான் வலி. காதில் ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். அம்மாவுக்கு வேறு பயம். “எய்யா, ஆணி கீணி குத்திச்சா? தாடை கட்டுனா ஜன்னின்னு சொல்லுவாவளே” என்று காலையும் கையையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ஆணி குத்தின புண்ணிலிருந்து வருகிற டெட்டனஸைத்தான் அவள் ஜன்னி என்கிறாள். அவள் சின்ன வயசில் பார்த்த சாவு அப்படி.

திரும்பவும் டாக்டரம்மாவிடம் போனோம். முதலில் காய்ச்சல் பார்த்தார், தையலைப் பார்த்தார், தாடைக்கு அடியில் அமுக்கிப் பார்த்தார். பிறகு, “உங்க விரலையே நிமித்தி அடுக்கி வாய்க்குள்ள வைங்க, பாப்போம்” என்றார். சாதாரணமாக ஒருத்தருக்கு அவரவர் விரல் மூன்று, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவில் போகும். எனக்கு ஆள்காட்டி விரல் ஒன்று போனதே பெரிய காரியம். சின்ன ஸ்கேல் வைத்தும் அளந்து சீட்டில் குறித்துக்கொண்டார். வளர்ந்த ஆளுக்கு 35 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் தாடை இறுக்கம் என்று கணக்காம். ட்ரிஸ்மஸ் என்று எழுதினார்.

அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்குத் தெளிவைக் கொடுத்தது. பூட்டிக்கொண்டது எலும்பும் இல்லை, பல் குழியும் இல்லை, மெல்லுகிற தசை. பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைக்கிறதே, அது ஒன்று. தாடைக்கு உள்பக்கம் இன்னொன்று இருக்கிறது. ஞானப்பல் இந்த இரண்டுக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அங்கே கீறி, எலும்பை ராவினால் வீக்கம் தசைக்கும் பரவும். போதாததற்கு, கீழ்த்தாடையை மரக்க வைக்கிற ஊசி அந்த உள் தசையை ஒட்டித்தான் போகிறது. சில சமயம் ஊசி தசையிலேயே பட்டுக் கொஞ்சம் ரத்தம் கட்டுவதும் உண்டு. காதுக்கு முன்னால் இருக்கிற தாடை மூட்டும் நெடுநேரம் பிளந்திருந்ததில் களைத்துப்போகும், காதுவலி மாதிரித் தெரிவது அதனால்தான். வீக்கம் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் இறங்கும், இறுக்கம் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் பைய விட்டுவிடும் என்றார். ஜன்னி பயத்தையும் அம்மாவிடமே பேசித் தீர்த்தார். அம்மா அதற்குப் பிறகுதான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

ஆனால் வீட்டில் ஒரு வழக்கு ஓடியது. அம்மா கட்சி: “புண்ணு ஆறுத மட்டும் வாயைத் தொறக்காத.” டாக்டரம்மா கட்சி: “தொறந்து தொறந்து பழக்கணும், சும்மா விட்டா இறுகிரும்.” என் தீர்ப்பு, முதல் இரண்டு நாளைக்கு அம்மா சொல்வது சரி, அதற்கப்புறம் டாக்டரம்மா சொல்வது சரி. வலிக்குப் பயந்து அசைக்காமலே வைத்திருந்தால் தசை அப்படியே குறுகி நிற்கும்.

ஐஸ் முதல் ஒன்றிரண்டு நாளோடு சரி. பிறகு வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, கன்னத்தில் கால் மணி நேரம் ஒத்தடம். தசையில் சூடு ஏறியதும் வாயைப் பைய திறந்து, இழுத்துப் பிடிக்கிற இடம் வந்ததும் சில விநாடி நிறுத்தி, விட வேண்டும். அப்புறம் தாடையை இடமும் வலமும் நகர்த்த வேண்டும். ஒரு நாளைக்குப் பல தடவை இதே வேலை. ஐஸ் குச்சி வைத்தியமும் சொல்லிக்கொடுத்தார். போகிற அளவுக்குக் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொள்வது, தாடை இளக இளகக் கூட ஒன்றைச் செருகுவது. வலிக்கிற வரைக்கும் நெம்பக் கூடாது. சின்னவள் கடையில் புதுக் குச்சிக் கட்டே வாங்கி வந்து, தினமும் சாயங்காலம் எண்ணிக் காலண்டரில் எழுதிவைப்பாள். மீட்டரைப் பார்க்கிற ஈபி ஆள் தோற்றான்.

வைத்தியம் சொல்ல வந்த சொந்தக்காரர்களில் பாதிப் பேர் நல்லெண்ணெயைக் கொப்பளி என்றார்கள். அதை மட்டும் கேட்கவில்லை. குழியில் உறைந்து நிற்கிற ரத்தம்தான் புண்ணுக்கு மூடி. பலமாகக் கொப்பளித்தாலும், காறித் துப்பினாலும், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினாலும் அது பெயர்ந்து வந்துவிடும், எலும்பு வெளியே தெரிந்து உயிர் போகிற வலி வரும். பல் எடுத்த மறுநாளிலிருந்து இளஞ்சூட்டில் உப்புத்தண்ணியை வாயில் வைத்துத் தலையைச் சாய்த்து, அப்படியே வழிய விடுவதோடு சரி. இளநீரும் டம்ளரில் ஊற்றித்தான்.

சாப்பாட்டில் நெல்லைக்காரனுக்குக் குறை கிடையாது. குழைய வடித்த சோற்றில் சொதியை ஊற்றிப் பிசைந்தால் மெல்லவே வேண்டாம், காய்களைத் தம்பிக்குத் தள்ளிவிடலாம். தேங்காய்ப்பாலில் ஊறிய இடியாப்பம், உளுந்தங்கஞ்சி, ஆறிய பருப்புத் தண்ணி. அல்வா வழுக்கிக்கொண்டு போகுமே என்று ஒருத்தர் பொட்டலமே வாங்கி வந்தார். அன்பு சரி, ஆனால் அது தையலில் போய் ஒட்டிக்கொண்டால் யார் எடுப்பது? வீட்டில் மற்றவர்கள் தின்றார்கள்.

கொடுமை என்னவென்றால் நடுவில் பொங்கல் வந்துவிட்டது. தங்கச்சி வீட்டுக்குப் பொங்கப்படி கொண்டு போனேன். கரும்பு, மஞ்சள்குலை, பனங்கிழங்கு எல்லாம் தோளிலும் கையிலும் இருக்கிறது, ஒன்றும் எனக்கில்லை. பனங்கிழங்கை அவித்து, தோலை உரித்து, நடுத்தண்டை உருவி எறிந்துவிட்டு நாரோடு மெல்லுவதற்கு எப்பேர்ப்பட்ட தாடை வேண்டும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். மச்சான் எதிரே உட்கார்ந்து கணுக்கணுவாகக் கரும்பைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார். தங்கச்சி மட்டும் பாவம் பார்த்துக் கிழங்கை உரலில் இடித்து, தேங்காய்ப்பூவும் கருப்பட்டியும் போட்டுக் கொடுத்தாள். அதை நாக்கால் நசுக்கி நசுக்கித் தின்றேன். ருசி குறையவில்லை.

டூட்டிக்குத் திரும்பியபோது வாய் இரண்டு விரல் திறந்தது. ஊர்ப்பேர் கத்தினால் முழுசாக வரவில்லை, ‘வீரவநல்லூர்’ பாதி மூக்கில் போகிறது. டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்து, “என்ன வே, வாயில கொழுக்கட்டையா?” என்றார். விசில் ஊதினாலும் கன்னம் இழுத்துப் பிடித்தது. அதனால் கொஞ்ச காலம் கம்பியைத் தட்டித்தான் வண்டியை நிறுத்தினேன், எடுக்கச் சொன்னேன். காசு வாங்குகிற நேரத்தில் ஜனங்கள் எல்லாருக்கும் கதை சொல்ல வேண்டியிருந்தது. பாதிப் பேருக்கு அவரவர் பல் ஞாபகம் வந்துவிட்டது.

அவர்களுக்கு நான் சொன்னது இதுதான். நாளாக ஆக இறுக்கம் குறைந்துகொண்டே வந்தால் பயமில்லை. குறைந்து வந்தது மறுபடி கூடினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, சீழ் வந்தாலோ, வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ ஒத்தடமும் குச்சியும் ஆகாது, அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமென்றால் பல் டாக்டருக்குக் காத்திருக்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு. இரண்டு வாரம் தாண்டியும் திறக்காவிட்டாலும் ‘தானாகச் சரியாகும்’ என்று விடக் கூடாது.

எனக்கு இப்போது மூன்று விரலும் போகிறது. கொட்டாவி பெரிசாக விட்டால் காதுப்பக்கம் லேசாகச் சொடுக்குகிறது, வலி இல்லை. வலது பக்க ஞானப்பல் நேராகத்தான் நிற்கிறதாம், வம்பு பண்ணாத வரைக்கும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.