இரண்டு முறை வழியனுப்பிய தாய்

ஓரியூருக்குப் போகிற அன்றைக்கு எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. கருவாடுகூடக் கட்டிக்கொண்டு போக மாட்டோம். போர்ச்சுக்கலிலிருந்து வந்து ஓரியூரில் உயிர்விட்ட சேசு சபைக் குரு, புனித அருளானந்தர் காவி உடுத்திப் பண்டாரசாமியாக இந்தச் சீமையில் நடந்த காலத்தில் மீனையும் இறைச்சியையும் தொடவில்லை. அவர் மண்ணை மிதிக்கப் போகிறவர்கள் ஒரு நாளாவது அப்படி இருக்க வேண்டும் என்பது என் மாமியார் வைத்த சட்டம். அவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது, சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. போன புதன்கிழமையும் விடியுமுன் எழுந்து எலுமிச்சம்பழச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும்தான் செய்தேன். தங்கச்சிமடத்தில் மீனோடு வளர்ந்த என் மகன், "இன்னைக்குமாம்மா?" என்று கேட்டுவிட்டு, அவனே தூக்குவாளியை மூடிக் கையில் எடுத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் அவன் சவுதிக்குப் போகிறான். ஏசி மெக்கானிக் வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம். அதற்கு முன்னால் ஓரியூர் போய் வந்தே ஆக வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன்.

மூன்று வயதில் அவனுக்கு வந்த காய்ச்சல் ஒன்பது நாள் இறங்கவே இல்லை. ராமநாதபுரத்தில் சேர்த்திருந்தோம். ஒன்பதாம் நாள் ராத்திரி, "காலையில பார்ப்போம்மா" என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். அவன் அப்பா கடலில் இருந்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பொருத்தனை வைத்தேன்: "அருளானந்தரே, இவனை எனக்குத் திருப்பிக் கொடும். வருஷம் தவறாமல் உம்முடைய மண்ணுக்குக் கூட்டி வருகிறேன்." விடியற்காலையில் பிள்ளைக்கு வேர்த்தது. அன்றிலிருந்து ஒரு வருஷமும் நாங்கள் தவறியதில்லை.

பாம்பன் பாலம் ஏறும்போது வழக்கம்போல செபமாலையைக் கையில் எடுத்தேன். அவன் ஜன்னல் வழியாகப் புதிய ரயில் பாலத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். ராமநாதபுரத்தில் தொண்டி பஸ் கிடைத்தது. தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவபாஷாணத்துக்கு ஒரு குடும்பம் இறங்கியது, எள்ளும் பூவும் பையிலேயே வைத்திருந்தார்கள். உப்பூர் வந்ததும் பக்கத்து சீட்டு அக்கா பிள்ளையார் கோவில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எங்க போறீக?" என்றார். ஓரியூர் என்றதும், "எனக்கும் ஒரு பிடி மண்ணு கொண்டாங்களேன், பேத்திக்கு" என்று கேட்டார். திரும்பி வரும்போது அவரை எங்கே தேடுவது? ஆனால் அவர் கேட்டது எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

தொண்டியைத் தாண்டிக் கடற்கரைச் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம், காய்ந்த வயல், அப்புறம் கோவில். பாம்பாற்றங்கரையில் அருளானந்தர் தலை வெட்டப்பட்ட இடம் அது. 1693 பிப்ரவரி 4. அன்றைக்குச் சாம்பல் புதன். 'நீ மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்' என்று நம் நெற்றியில் சாம்பல் பூசுகிற நாளிலேயே அவர் ரத்தம் இந்த மண்ணில் விழுந்திருக்கிறது. அந்த ரத்தத்தால்தான் மண் சிவந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நானும் அதை முழு மனதாக நம்புகிறேன்.

எங்கள் ஊர் மணல் காலில் ஒட்டாது, உதறினால் போய்விடும். இது அப்படி இல்லை. ஒரு பிடி அள்ளிக் கையை விரித்தால், ரேகைக்குள் எல்லாம் சிவப்பாக நிற்கும். முட்டிபோட்டு அள்ளி மகனுடைய நெற்றியில் வைத்தேன். சின்ன வயதில் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பூசுவேன். இப்போது அவன் குனிய வேண்டியிருக்கிறது.

திருப்பலி முடிந்து மரநிழலில் உட்கார்ந்தபோது எனக்கு அருளானந்தரை விட அவருடைய தாயின் நினைப்பாகவே இருந்தது. லிஸ்பனில் 1647-இல் பிறந்த பிள்ளை. கணவர் பிரேசிலில் ஆளுநராக இருந்தபோதே இறந்துவிட்டார். பிள்ளை நோயில் விழுந்து சாகக் கிடந்தபோது அந்தத் தாய் புனித சவேரியாரிடம் பொருத்தனை வைத்தார். பிழைத்த பிள்ளைக்கு ஒரு வருஷம் சேசு சபை அங்கியைப் போட்டுவிட்டார். என்னைப் போலவே கேட்டு வாங்கிய பிள்ளை. ஆனால் அந்தப் பிள்ளை வளர்ந்து, சவேரியார் போன வழியில் நானும் இந்தியாவுக்குப் போகிறேன் என்றபோது, தாய்க்குத் தாங்கவில்லை. போப்பாண்டவரின் தூதர் வரைக்கும் போய், என் மகனைத் தடுங்கள் என்று முறையிட்டார். 1673-இல் கப்பல் கிளம்பிவிட்டது. அப்புறம் இங்கே பிடிபட்டு, வதைபட்டு, விடுதலையாகி, சபை வேலையாக ஒரு தடவை லிஸ்பன் திரும்பினார். ராஜாவே அவரை அங்கேயே இருக்கச் சொன்னார். அந்தத் தாயின் மனசு அன்றைக்கு எப்படிக் குளிர்ந்திருக்கும்! ஆனால் 1690-இல் அவர் மறுபடியும் நம்மிடம் வந்துவிட்டார். பெற்றவள் இரண்டு முறை வழியனுப்பியிருக்கிறாள்.

ஓரியூர்ச் சிறையில் கரியைத் தண்ணீரில் குழைத்துத் துரும்பால் கடிதம் எழுதினாராம். சாவுச் செய்தி லிஸ்பனுக்குப் போய்ச் சேர எத்தனை மாதம் ஆனதோ. ராஜா நன்றி வழிபாடு நடத்தினார். அதற்கு அந்தத் தாய் துக்க உடையில் வராமல் திருவிழா உடையில் வந்தார் என்று வரலாறு சொல்கிறது.

இதைப் பிரசங்கத்தில் முதலில் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இவள் என்ன தாய் என்று நினைத்தேன். மடியில் மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்டேன், வேறு எப்படி நினைப்பேன்? இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்த உடையை உடுத்துவதற்கு முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு எவ்வளவு அழுதிருப்பார்! முகத்தைக் கழுவிக்கொண்டுதானே வெளியே வந்திருப்பார். 'கொடும், கொடும்' என்று கேட்கத்தான் எனக்குத் தெரியும். 'வைத்துக்கொள்ளும்' என்று சொல்ல இந்த வயதிலும் நாக்கு வரவில்லை. அன்றைக்கு அந்த மரத்தடியில் ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். பாதியில் தொண்டை அடைத்துவிட்டது.

மகன் கவனித்துவிட்டான். "அம்மா, தினமும் வீடியோ கால் பண்ணுவேன்ல" என்றான்.

"சரி தம்பி, சாப்பிடு" என்றேன்.

கிளம்பும்போது அவனாகவே போய் ஒரு பிடி மண் அள்ளி, கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நான் சொல்லவில்லை. இன்னொரு பிடியை என் முந்தானையில் முடிந்தேன், உப்பூர் அக்கா எங்கேயாவது கண்ணில் படுவார் என்று.

மதுரை விமான நிலையத்துக்குப் போவதற்கு ஒரு பழைய நூல் சேலையைத்தான் எடுத்து வைத்திருந்தேன். அழுதால் முகம் துடைக்க அதுதான் வசதி. நேற்று அதை மடித்து உள்ளே வைத்துவிட்டேன். அவன் புதுநன்மை வாங்கிய அன்றைக்கு நான் கட்டிய மயில்கழுத்துப் பட்டை எடுத்து, திண்ணை நிழலில் கொடியில் போட்டிருக்கிறேன். பாச்சா உருண்டை வாசம் இன்னும் போகவில்லை.