ஒலிக்காத எழுத்துகள்: பிரெஞ்சு வினையின் நிகழ்காலத்தைப் படித்த கதை

2021ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், பிரான்சுக்கு வந்து ஐந்து மாதமே ஆகியிருந்த எனக்கு, குடிவரவு அலுவலகத்தில் வைத்த தேர்வின் முடிவில் 400 மணிநேரப் பிரெஞ்சு வகுப்பு விதிக்கப்பட்டது. பாரிசின் வடக்குப் புறநகரில் நடந்த அந்த வகுப்பின் மூன்றாம் நாளே, 'பார்லே', அதாவது கதைப்பது, என்ற வினையின் நிகழ்கால வடிவங்களை ஆசிரியை பலகையில் ஆறு வரிகளாக எழுதினார். யாழ்ப்பாணத்தில் கணக்கெழுதும் வேலை பார்த்தவளுக்கு ஆறு வரி அட்டவணை ஒரு பொருட்டா என்றுதான் அன்று நினைத்தேன்.

ஆனால் அவர் வாசித்தபோது காதில் விழுந்தவை ஆறல்ல, மூன்றே மூன்று. ஜு பார்ல், து பார்ல், இல் பார்ல், நூ பார்லோன், வூ பார்லே, மறுபடியும் இல் பார்ல். நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நான்கு பேருக்கும் ஒரே ஒலிதான். எழுத்தில் மட்டும் 'நீ'க்கு ஒரு எஸ்ஸும், 'அவர்களு'க்கு ஈ, என், டி என்ற மூன்று எழுத்துகள் கொண்ட விகுதியும் வந்து நிற்கின்றன. எழுதியதையெல்லாம் ஒலிக்கும் மொழியில் வளர்ந்த நான் அந்த மூன்று எழுத்துகளையும் விடாமல் 'பார்லான்' என்று வாசித்துக்கொண்டிருந்தேன். ஆசிரியை திருத்துவார், அடுத்த வரியில் மீண்டும் அதே 'லான்' வரும். இந்தப் பழக்கம் விட்டுப்போக இரண்டு மாதம் சென்றது.

இதைவிடப் பெரிய தடுமாற்றம் ஒன்று கடையில்தான் தெரியவந்தது. தமிழில் 'தேடுகிறேன்' என்றால் போதும், 'நான்' தேவையில்லை, ஏனெனில் விகுதியே ஆளைச் சொல்லிவிடும். அந்த நினைப்பில் பேரங்காடி ஊழியர் ஒருவரிடம் 'ஜு'வை விட்டுவிட்டு, 'ஷெர்ஷ் லு ரி' என்றேன். அரிசி தேடுகிறேன் என்பது என் எண்ணம். அவர் காதில் விழுந்தது 'அரிசியைத் தேடு' என்ற ஏவல், அதுவும் முன்பின் தெரியாத ஆளிடம் 'நீ' போட்டுச் சொன்ன ஏவல். அவர் முகம் மாறியதன் காரணம் வீட்டுக்கு வந்து கொப்பியைப் புரட்டிய பிறகே விளங்கியது. விகுதி வாய் திறக்காத மொழியில் ஆளைக் காட்டும் வேலை முழுவதும் முன்னால் நிற்கும் அந்தச் சின்னச் சொல்லின் தலையில் விழுகிறது என்பதை எந்த அட்டவணையும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

அதன்பின் கொப்பியை வேறு விதமாக வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வினைக்கும் இடப்பக்கத்தில் காதுக்குக் கேட்பதைத் தமிழ் எழுத்தில், எத்தனை வேறு ஒலிகள் உண்டோ அத்தனை மட்டும் எழுதுவேன். வலப்பக்கத்தில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டல். பிரெஞ்சு வினைகளில் பத்துக்கு ஒன்பது, 'பார்லே' போல வடிவம் மாறும் முதல் பிரிவைச் சேர்ந்தவை என்பதால், 'பார்லே' படிந்ததும் பெரும்பகுதி தானாகவே படிந்தது. 'ஃபினீர்' (முடிப்பது) போன்ற இரண்டாம் பிரிவு வினைகளில் ஒருமை முழுவதும் 'ஃபினி'. 'அவர்கள்' வந்தால் 'ஃபினிஸ்' என்று ஒரு மெய்யொலி கூடுதலாகக் கேட்கும். மூன்றாம் பிரிவுதான் ஆளை வாட்டுவது. ஆனால் அங்கும் காது ஓர் ஒழுங்கைக் கண்டுபிடித்தது. 'வருகிறான்' என்னும் 'இல் வியான்' மூக்கொலியாகவே நின்றுவிடும், நாக்கு எங்கும் தொடாது. 'வருகிறார்கள்' என்னும் 'இல் வியென்' என்பதிலோ நாக்கு மேலே தொட்டு, 'ன்' முழுதாக ஒலிக்கும். எடுப்பதைக் குறிக்கும் வினையிலும் 'ப்ரான்', 'ப்ரென்' என்று இதே கதைதான். அட்டவணையை மட்டும் பார்த்திருந்தால் இதைக் கடைசிவரை கண்டிருக்க மாட்டேன்.

மனப்பாடம் செய்தே தீரவேண்டியவையும் இருந்தன. 'நீங்கள்' என்னும் 'வூ'வுக்கு 'ஏ' என்று முடியாமல் 'எத்', 'ஃபெத்', 'தித்' என்று முடியும் மூன்று வினைகள் (இருப்பது, செய்வது, சொல்வது) குளியலறைக் கண்ணாடியில் பல வாரம் ஒட்டியிருந்தன.

என் இடப்பக்கம் தோற்ற இடமும் ஒன்று உண்டு. 'இல் சோன்' என்றால் 'அவர்கள் இருக்கிறார்கள்'. 'இல்ஸோன்' என்றால் 'அவர்களிடம் இருக்கிறது', ஆனால் இரண்டாவதில் வரும் ஒலி, தேனீ ரீங்கரிக்கும்போது கேட்பது போன்ற அதிரொலி. தமிழில் அதற்கு எழுத்தும் இல்லை, என் காதில் அதற்கு இடமும் இருக்கவில்லை. பசிக்கிறது என்பதையும் வயதையும் பிரெஞ்சில் இந்த 'உண்டு' வினையைக் கொண்டே சொல்லவேண்டும் என்பதால், பிள்ளைகளுக்குப் பசிக்கிறது என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும் பிள்ளைகளே பசியாகிப் போனார்கள். தொண்டையில் விரலை வைத்து, அதிர்வு வருகிறதா என்று பார்த்துப் பார்த்தே இந்த இரண்டையும் பிரித்தேன்.

உயர்தரம் வரை படித்த ஆங்கிலம் துணைக்கு வரும் என்றிருந்தேன். நிகழ்காலத்தில் அது காலை வாரியது. இப்போது கதைத்துக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு ஆங்கில வழக்கத்தில் இருத்தல் வினையையும் சேர்த்து 'ஜு சுய் பார்ல்' என்று எழுதிச் சிவப்புக் கோடு வாங்கினேன், ஏனெனில் பிரெஞ்சில் 'ஜு பார்ல்' என்பதே இரண்டுக்கும் போதும். மாறாக, இரண்டு வருடமாக இங்கே இருக்கிறேன் என்பதைத் தமிழ் எப்படி வெறும் நிகழ்காலத்தில் சொல்கிறதோ அப்படியே பிரெஞ்சும் சொல்கிறது. நீ, நீங்கள் என்ற வேறுபாடும் அப்படித்தான். பக்கத்து மேசையில் ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்கள் அதற்குத் திணறியபோது எனக்கு அதில் விளக்கமே தேவைப்படவில்லை.

வகுப்பு முடிந்து சில மாதங்களில், பிரெஞ்சு மொழித் திறனைச் சோதிக்கும் டெல்ஃப் தேர்வை ஏ2 என்ற அடிப்படை நிலையில் எழுதினேன். பத்தாண்டு வதிவிட அட்டைக்கு அப்போது அந்த நிலையைத்தான் கேட்டார்கள். நான்கு பகுதிகளுக்கும் 25 வீதம் மொத்தம் 100 புள்ளிகள். 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக்கூடாது. எனக்கு 64.5 கிடைத்தது. கேட்டலில் நன்றாகவே செய்திருந்தேன். எழுத்தில் 12 மட்டுமே, காரணம் அதே ஒலிக்காத மூன்று எழுத்துகள். முன்பு வாயில் தேவையில்லாமல் வந்தவை, காதை நம்பப் பழகிய பிறகு கையில் வர மறுத்தன. இப்போது எழுதி முடித்ததும் பன்மை எழுவாய்களுக்கெல்லாம் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றின் வினையையும் ஒருமுறை சரிபார்த்த பிறகே தாளைக் கொடுக்கிறேன்.

அடுத்த நிலை வகுப்பில் இறந்தகாலம் தொடங்கியபோது, அதைக் கட்டுவதற்கே இருத்தல், உடைமை ஆகிய அந்த இரண்டு வினைகளின் நிகழ்காலம் வேண்டும் என்றார் ஆசிரியை. பலகையில் முதலில் எழுதிய இரண்டு வாக்கியங்கள்: 'இல் சோன் வெனு', அவர்கள் வந்தார்கள், 'இல்ஸோன் மான்ஷே', அவர்கள் சாப்பிட்டார்கள். என் விரல் தானாகத் தொண்டைக்குப் போனது.